கழுவிய குளம்

குளத்தைப் பார்க்க மூன்று பேர் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வருவதாக இருந்தது. பஞ்சவர்ணம் ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

ஒரு கையில் அரிவாள். இன்னொரு கையில், நாலு தடவை கழுவி வெயிலில் காயவைத்த ஊறுகாய் பாட்டில்.

“ஏனுங், சட்டையெல்லாம் மொதல்ல பொறுக்கிக்கறேன். பொறவு கோரைய அறுக்கலாம். ஒண்ணு ஒடைஞ்சாலும் மேடம் அழுதுருவாங்க.”

கரையில் மண்வெட்டியோடு நின்ற அவள் புருஷன் குப்புசாமி, “பாத்து எடு அம்மிணி. உன்ற கை தொடப்பம் புடிச்ச கை. பூப் பறிக்கற மாதிரி எடுக்கோணும்” என்றான்.

“தொடப்பம் புடிச்ச கைதான் இத்தன வருசமா உங்களுக்குக் களி கிண்டிப் போட்டுது.”

அவள் சொன்ன சட்டை, தும்பிச் சட்டை. பாம்பு உரிப்பதைப் போலத் தும்பியும் உரிக்கும். தண்ணீருக்கடியில் மாசக்கணக்கில் அழுக்குப் புழுவாகக் கிடந்துவிட்டு, ஒருநாள் விடிவதற்கு முன்னால் கோரைத் தண்டில் ஏறி, முதுகைப் பிளந்துகொண்டு வெளியே வந்து, இறக்கை காய்ந்ததும் பறந்துவிடும். காலி உடம்பு மட்டும் தண்டைக் கவ்வியபடி அப்படியே நிற்கும். கண் இருக்கும், கால் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அந்தக் குளத்தில் அப்படி அறுபத்து மூன்று சட்டைகள் நின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சிவப்பு நூல்.

அந்த அறுபத்து மூன்றை நம்பித்தான் பஞ்சவர்ணத்தின் வீடு இருந்தது.

வீடு என்று சொன்னால் மைசூரில் யாரும் சிரிப்பார்கள். பல்கலைக்கழக வளாகத்தின் மேற்குக் கோடியில், பழைய விடுதிக்குப் பின்னால், கால் ஏக்கர் குளம். குளக்கரையில் பம்பு ரூம். பம்பு ரூமை ஒட்டி ஓடு போட்ட ஒரே அறை. குப்புசாமி இருபத்திரண்டு வருடமாகப் பம்பு ஆபரேட்டர். குளத்து ஓரக் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்து மேல் தொட்டிக்கு ஏற்றுவதும், தினமும் தொட்டியில் ஒரு கிண்ணம் பிளீச்சிங் பவுடர் கலப்பதும் அவன் வேலை. பஞ்சவர்ணம் அதே வளாகத்தில் காண்ட்ராக்டில் கூட்டிப் பெருக்குகிறவள். ஆபரேட்டர் பக்கத்திலேயே இருந்தால் நல்லது என்று எப்போதோ ஒரு அதிகாரி வாயால் சொன்னதை வைத்துப் பத்தொன்பது வருடமாக அந்த அறையில் குடித்தனம் நடக்கிறது. காகிதம் கிடையாது.

போன ஆனியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். குளத்தைத் தூர்த்து அங்கே புது விடுதி.

குளம் போனால் கிணறு போகும். கிணறு போனால் பம்பு போகும். பம்பு போனால் ஐம்பத்தேழு வயது ஆபரேட்டரும் அவன் அறையும் எதற்கு? இதற்குப் படித்திருக்க வேண்டியதில்லை. கோபிநத்தத்தில் இருந்த பங்கு வீட்டில் அண்ணன் மகன்கள் கதவைச் சாத்திக்கொண்டாயிற்று. மகள் ரூபா கொள்ளேகாலில் மாமியார் வீட்டில், அவளே ஒண்டிக்கொண்டு.

அந்த நேரத்தில்தான் மெட்டில்டா மேடம் வலையோடு வந்தாள்.

விலங்கியலில் கெஸ்ட் லெக்சரர். முப்பத்து நாலு வயது. மைசூரிலேயே பிறந்து வளர்ந்த கிறிஸ்துவத் தமிழ்க் குடும்பம். அவள் அம்மா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டில் தமிழ், வெளியே கன்னடம், வகுப்பில் இங்கிலீஷ். அவசரத்தில் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். காலை ஒன்பது மணிக்கு, வெயில் சூடேறி தும்பிகள் கிளம்புகிற நேரத்துக்கு, தொப்பியும் காமிராவுமாக வந்துவிடுவாள்.

“குப்பண்ணா, இந்தக் கேம்பஸ்ல எத்தன வகை இருக்குன்னு ஒரு லிஸ்ட் போடணும். நீங்க தினா, டெய்லி பாக்கறவரு. எத்தன வகை பாத்திருப்பீங்க?”

“தட்டான் தட்டாந்தானுங் மேடம். அதுல என்ன வகை?”

ஒரு வாரத்தில் அவன் மாறிப்போனான். இறக்கையை விரித்து உட்கார்ந்தால் தும்பி. முதுகின் மேல் மடித்து உட்கார்ந்தால் ஊசித்தட்டான். இது முதல் பாடம். பிறகு கண்ணின் நிறம், வாலின் நுனி, இறக்கையில் கறை எங்கே. மெட்டில்டா வலையில் பிடித்து, இரண்டு விரலால் இறக்கைகளைச் சேர்த்துப் பிடித்து, லென்ஸ் வைத்து வால் நுனியைப் பார்த்து, வாயில் நுழையாத பெயரைச் சொல்லி, எழுதிவிட்டுப் பறக்கவிடுவாள். குப்புசாமி தனக்கு நுழைகிற பெயராக வைத்துக்கொண்டான். பளீரென்ற ரோஜா நிறத்தில் திரிவது ‘ரோஸ்மில்க்’. கறுப்பும் வெள்ளையுமாக இறக்கை உள்ளது ‘வக்கீல்’. சுவரோடு சுவராக உட்கார்ந்து கண்ணுக்கே தெரியாமல் இருப்பது ‘கல்லுத்தட்டான்’.

“மேடம், இன்னைக்கு ரோஸ்மில்க்குக்கூட ஒரு புதுசு வந்துருக்குதுங். பழுப்பா, அழுது வடிஞ்ச மாதிரி. இத ஒரு வகையா எழுதிக்கோங்க.”

மெட்டில்டா பார்த்துவிட்டுச் சிரித்தாள். “அது ரோஸ்மில்க்கோட பொண்டாட்டி அண்ணா. ஆம்பளதான் கலரு. பொம்பள இப்படித்தான் இருக்கும்.”

காக்கியில் பழுப்பு கலந்த யூனிஃபார்ம் கோட்டோடு பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்த பஞ்சவர்ணம் நிமிர்ந்தாள். “அதுக்கும் காண்ட்ராக்டுக்காரந்தான் துணி குடுத்தானா மேடம்?”

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தக் குளக்கரையில் அப்படிச் சிரித்து வெகு நாளாயிருந்தது.

ஒரு நாள் வானம் மூடியிருந்தபோது நூற்றுக்கணக்கில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு கூட்டம் தலைக்கு மேல் சுற்றியது. உட்காரவே இல்லை.

“மழைத்தட்டானுங்” என்றான் குப்புசாமி.

“கரெக்ட். இது கடல் தாண்டி வர்றது அண்ணா. இதுக்கு ஊரே கெடையாது. மேல பறந்துட்டே கீழ எங்க பளபளன்னு தெரியுதோ, அது தண்ணின்னு நெனச்சு எறங்கி, வாலத் தட்டித் தட்டி முட்டை போடும். ஆமேலே, அதுக்கப்புறம், மறுபடி கெளம்பிரும்.”

“எங்களாட்டம்” என்றாள் பஞ்சவர்ணம். “எங்க தண்ணி வருதோ அங்க அடுப்பு.”

பட்டியல் நாற்பத்தொன்றில் நின்றது. மெட்டில்டா அதைத் தட்டச்சு செய்து, படங்களோடு கமிட்டிக்கு அனுப்பினாள். இத்தனை வகை வாழ்கிற தண்ணீரை மூடக் கூடாது, விடுதியைக் கிழக்குப் பக்கம் காலியாகக் கிடக்கிற மைதானத்தில் கட்டலாம் என்று எழுதினாள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. குளக்கரையில் உட்கார்ந்து அதைத் தமிழில் சொன்னாள்.

“தும்பிக்கு ரெக்கை இருக்கு, வேற தண்ணிக்குப் போயிக்கும்னு எழுதியிருக்காங்க. இது இங்கேயே பொறந்து வளர்றதுன்னு காட்டுனா யோசிக்கிறாங்களாம். அக்டோபர் மொத திங்கக்கெழமை நேர்ல வர்றாங்க.”

“காட்ட முடியுமாங்?”

“முடியும். சட்டை இருக்கில்ல? இந்தத் தண்ணில பொறந்தாத்தான் இந்தக் கோரைல சட்டை இருக்கும். அதோட தண்ணிக்குள்ள வலைய விட்டுக் குஞ்ச எடுத்துக் காட்டுறேன். உயிரோட நெளியறதப் பாத்தா யாரும் பேச முடியாது.”

அன்றுதான் சிவப்பு நூல் கட்டினார்கள். மெட்டில்டா சட்டையைக் கண்டுபிடிக்க, பஞ்சவர்ணம் நூல் கட்ட, குப்புசாமி எண்ணிச் சொல்ல. அறுபத்து மூன்று.

இவ்வளவும் தெரிந்தவள்தான் பஞ்சவர்ணம். தெரிந்தும் ஏன் செய்தாள்?

அதற்குக் காரணம் ஒரு கைக்குட்டை.

நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன்பு கட்டடப் பிரிவு அதிகாரி ஒருவர் அளவெடுக்க வந்திருந்தார். குளக்கரையில் கால் வைத்ததுமே மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார். “இது கெரே இல்லப்பா, சரண்டி” என்றார். ஏரி இல்லையாம், சாக்கடையாம். அறை வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பஞ்சவர்ணத்தின் காதில் அது விழுந்தது. பத்தொன்பது வருடம் குடியிருந்த இடம். பதினாலு வருடமாக வளாகத்துக் கழிவறைகளில் முகம் பார்க்கிற மாதிரி தரையைத் துடைத்தவள். அவள் வாசலைப் பார்த்து ஒருவன் மூக்கை மூடினான்.

குளத்தை மூடுவது அதனால்தான் என்று அவள் மனதில் அன்றைக்கே விழுந்துவிட்டது. அசிங்கமாக இருக்கிறது, மூடுகிறார்கள். அழகாக இருந்தால் எதற்கு மூடப்போகிறார்கள்?

ஞாயிறு காலை சூப்பர்வைசர் சந்தோஷ்குமார் பைக்கில் வந்து இரண்டு மூட்டை பிளீச்சிங் பவுடரை இறக்கினான். தமிழும் கன்னடமும் அவன் வாயில் ஒரே சோறு.

“பஞ்சவர்ணம்மா, நாளைக்குப் பெரிய சாயேபுங்கெல்லாம் பர்த்தாரே, வர்றாங்க. பாதை ரெண்டு பக்கமும் வெள்ளைக் கோடு போட்டுடுங்க. ஒரு எலை கீழ கெடக்கக் கூடாது. கொத்தாய்த்தா, புரிஞ்சுதா?”

“பாதைக்கு மட்டும் போதுமா சந்தோசு? குளத்தக் கண்ணு திறந்து பாத்தியா? சம்பும் கோரையும் பேய் புடிச்ச மாதிரி நிக்குது.”

“அது மேடம் வேலை. எனக்கு பாதை சாக்கு.” சாக்கு என்றால் அவனுக்குப் போதும் என்று பொருள். பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

குப்புசாமி மட்டும் ஒரு தடவை கேட்டான். “மேடத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கலாமா?”

“ஞாயித்துக்கெழமை. கோயில்ல இருப்பாங்க. கூட்டறதுக்கும் கழுவறதுக்கும் அவங்களக் கேக்கோணுமா? அவங்க வேலைய அவங்க செய்யட்டும். எனக்குத் தெரிஞ்சது இதுதான், நானுஞ் செய்யறேன்.”

குப்புசாமிக்கு அது நியாயமாகப் பட்டது.

அப்படித்தான் இரண்டு மணிக்கு அவள் தண்ணீரில் இறங்கினாள்.

அறுபத்து மூன்று சட்டைகளையும் எடுக்க ஒன்றரை மணி நேரமானது. ஒவ்வொன்றையும் நகத்தால் நெம்பாமல், தண்டைப் பிளந்து, காலை ஒவ்வொன்றாக விடுவித்து எடுத்தாள். சேறு ஒட்டியிருந்ததை வாயால் ஊதினாள். போகாததை ஈரத் துணியால் ஒற்றினாள். பாட்டிலின் அடியில் பஞ்சு வைத்து அடுக்கினாள். சிவப்பு நூல்களையும் விடவில்லை. அவற்றைச் சேர்த்து ஒரு சின்னப் பந்தாகச் சுற்றி மேலே வைத்தாள்.

பிறகு கோரை விழுந்தது. சம்பு விழுந்தது. குப்புசாமி மண்வெட்டியால் கரையைச் செதுக்கினான். கல்லுத்தட்டான் உட்காரும் பம்பு ரூம் சுவரை அவள் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினாள். பாசியெல்லாம் கரைந்து, சுவர் புதுப் பல் மாதிரி வெளுத்தது. பாதையின் இரு பக்கமும் பிளீச்சிங் பவுடர் கோடு. அது முடிந்தும் ஒன்றரை மூட்டை மீந்திருந்தது.

ஓரங்களில் பச்சையாக ஏடு கட்டியிருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றார்கள்.

“நாத்தம் இதுலருந்துதான் வருது” என்றாள்.

“குடிக்கற தண்ணிக்கே நாந்தான் கலக்கி ஊத்தறேன். பிள்ளைங்க குடிக்குதுங்க, ஒண்ணும் ஆகல” என்றான் குப்புசாமி. வாளியில் கரைத்தான். தொட்டிக்குக் கரைக்கிற அதே பழக்கம், அதே குச்சி. ஆனால் தொட்டிக்கு ஒரு கிண்ணம். இங்கே வாளி வாளியாக.

ஆறு மணிக்கு ஒரு மழை வந்தது. பாதைக் கோடுகள் கரைந்து பால் மாதிரி குளத்துக்குள் ஓடின. பஞ்சவர்ணத்துக்கு வருத்தம், கோடு போயிற்றே என்று. மிச்சமிருந்த பவுடரில் மறுபடியும் போட்டாள்.

அன்றைக்குக் கொள்ளுச் சாறும் களியும். வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குளம் வெட்டவெளியாக, வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. ஒரு தவளைச் சத்தம்கூட இல்லை.

“எம்பட கண்ணாண, இது நம்ம குளந்தானா?” என்றாள்.

“மூக்க மூடட்டும் பாக்கலாம் நாளைக்கு” என்றான் குப்புசாமி. களியை உருட்டி விழுங்கிவிட்டு, “வீடு கெடச்சுருமா அம்மிணி?” என்று கேட்டான்.

“கெடைக்காம? அறுவத்து மூணு வச்சிருக்கறமே.”

மூன்று பேரும் சரியாகப் பத்து மணிக்கு வந்தார்கள். தொப்பி போட்ட, ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர். அன்று கைக்குட்டை வைத்த அதே கட்டடப் பிரிவு அதிகாரி. குறிப்பெழுத ஒரு பெண். மெட்டில்டா வலையும் வெள்ளைத் தட்டும் எடுத்துக்கொண்டு அவர்களுக்கு முன்னால் வேகமாக நடந்து வந்தாள். ஆட்டோ கிடைக்காமல் தாமதமாகி, அவர்களோடுதான் அவளும் வளைவைத் திரும்பினாள்.

திரும்பியவள் நின்றுவிட்டாள்.

பஞ்சவர்ணம் துவைத்த யூனிஃபார்மில் பம்பு ரூம் வாசலில் நின்றிருந்தாள். மேடத்தின் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். பாராட்டுக்குக் காத்திருந்த முகம் அவளுடையது. எதிர்முகத்தில் இரத்தமே இல்லை.

அதிகாரி மூக்கை மூடவில்லை. “பரவாயில்லையே, நீட்டாகத்தான் இருக்கிறது” என்று கன்னடத்தில் சொன்னார்.

பேராசிரியர் கரையைச் சுற்றிப் பார்த்தார். உட்கார ஒரு தண்டு இல்லாத குளத்தில் ரோஸ்மில்க் எங்கே உட்காரும், வக்கீல் எங்கே உட்காருவான்? வெளுத்த சுவரில் கல்லுத்தட்டான் இல்லை. வெகு உயரத்தில் ஒரே ஒரு மழைத்தட்டான் வட்டமடித்துக்கொண்டிருந்தது.

“அது ஊர்சுற்றி. மொட்டைமாடியில்கூட இருக்கும். நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தீர்களே?”

“இருந்துச்சு சார். நேத்து வரைக்கும் இருந்துச்சு” என்றாள் மெட்டில்டா.

“சட்டைகள்?”

இதற்குத்தான் பஞ்சவர்ணம் காத்திருந்தாள். பாட்டிலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முன்னால் வந்தாள்.

“எல்லாமே இங்க இருக்குதுங்க சார். அறுவத்து மூணு. ஒண்ணுகூட ஒடையல.”

பேராசிரியர் மூடியைத் திறந்தார். நல்ல மனிதர்தான். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “இவ்வளவு சுத்தமாக நான்கூட எடுத்ததில்லை அம்மா” என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “ஆனால் இது எங்கே இருந்தது என்று இனி இது சொல்லாது. பாட்டிலில் இருப்பதை எந்த ஊரிலிருந்தும் கொண்டுவரலாம்.”

பஞ்சவர்ணத்துக்கு முதலில் விளங்கவில்லை. மேடத்தைப் பார்த்தாள். மேடம் ஏற்கெனவே முழங்கால் தண்ணீரில் வலையோடு இறங்கிக்கொண்டிருந்தாள்.

முதல் வீச்சு. வெள்ளைத் தட்டில் கவிழ்த்தாள். நாலைந்து பழுப்புக் குஞ்சுகள். அசையவில்லை.

இரண்டாவது வீச்சு. இன்னும் நிறைய. ஒரு சின்ன மீன்கூட இருந்தது, வயிறு மேலாக.

மூன்றாவது வீச்சில் அவள் தட்டைக் கவிழ்க்கவில்லை. தண்ணீரைக் கையில் அள்ளி மோந்து பார்த்தாள். பிறகு பாதையின் வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள். பிறகு யாரையும் பார்க்கவில்லை.

“இதில் யாராவது ஏதாவது போட்டீர்களா?” பேராசிரியர் கேட்டார்.

மெட்டில்டா வலையைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். பேசினால் யார் பெயரைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சந்தோஷ்குமார் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அனுமதி இல்லாமல் குளத்தில் மருந்து கலந்தவளைக் காண்ட்ராக்டர் ஒரு மணி நேரம் வைத்திருக்க மாட்டான்.

“நாந்தானுங்க சார்” என்றாள் பஞ்சவர்ணம். “நேத்து. நீங்க வர்றீங்கன்னு. மேடத்துக்கு ஒண்ணுந் தெரியாது. ரெண்டு மாசம் விட்டீங்கன்னா மறுபடி எல்லாம் வந்துருமுங்க. கோரை வந்துரும். கோரை வந்தா அதுவும் வந்துரும்.”

பேராசிரியர் மெட்டில்டாவைப் பார்த்தார். “அப்படியா? நேற்று ஒரு நாள் மட்டும்தானா?” அந்தக் கேள்வியில் ஒரு வழி இருந்தது. ஒரு விபத்து, இரண்டு மாத அவகாசம், இன்னொரு தடவை வந்து பார்ப்பது. மெட்டில்டா ஆமாம் என்று வாயைத் திறந்தாள்.

அதற்குள் குப்புசாமி முன்னால் வந்துவிட்டான்.

அவன் கண்ணுக்கு வழி எதுவும் தெரியவில்லை. சந்தோஷ்குமாரின் முகம்தான் தெரிந்தது. பெண்டாட்டி தலையைத் தானாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள் என்பதுதான் தெரிந்தது.

“சார், அவ சும்மா சொல்றாளுங்க. அவ போடல. நாந்தான் போட்டேன். நான் பம்பு ஆபரேட்டர். நேத்துன்னு இல்லைங்க, தினமும் போடறதுதானுங்க. இருவத்திரண்டு வருசமா தினமும் போட்டுட்டுத்தான் இருக்கறேன். என்ற டூட்டிங்க அது.”

“குளத்திலா?”

“குளத்துலதானுங்க சார்.”

அதிகாரி குறிப்பெழுதும் பெண்ணின் பக்கம் திரும்பினார்.

“குப்பண்ணா...” என்றாள் மெட்டில்டா. அவனைப் பொய்யன் என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் சும்மா இருக்க வேண்டும்.

அதிகாரி சந்தோஷமாகக்கூடச் சொல்லவில்லை, ஒரு வேலை முடிந்த மாதிரிதான் சொன்னார். குறிப்பெழுதும் பெண் அதை எழுதி, சரிதானா என்று ஒரு தடவை படித்தும் காட்டினாள். ஊழியர்களால் நாள்தோறும் குளோரின் கலந்து பராமரிக்கப்படும் தண்ணீர்த் தொட்டி. இயற்கை நீர்நிலை அல்ல.

பேராசிரியர் கையிலிருந்த சட்டையைப் பாட்டிலுக்குள் பத்திரமாகத் திரும்ப வைத்து மூடியைத் திருகிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர்கள் போன பிறகு மெட்டில்டா கரையில் உட்கார்ந்து ஷூவிலிருந்த தண்ணீரைக் கொட்டினாள். பஞ்சவர்ணம் பக்கத்தில் போய் நின்றாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

“எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமில்ல பஞ்சவர்ணக்கா” என்றாள் மெட்டில்டா. அவ்வளவுதான்.

“நாறுதுன்னாங்களே மேடம்.”

“நாறும்க்கா. உயிர் இருந்தா நாறும்.”

மார்கழியில் அறையைக் காலி செய்தார்கள். குப்புசாமியின் வேலையும் அதோடு போயிற்று. ஹெப்பாளில் தொழிற்சாலைச் சுவருக்குப் பின்னால் ஷீட் போட்ட ஒரு அறை கிடைத்தது. வாரம் இரண்டு தடவை டேங்கர் வரும். மற்ற நாட்களில் குப்புசாமி வாசலில் உட்கார்ந்து கம்பெனி பஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லியிருந்தாலாவது சண்டையாக முடிந்திருக்கும்.

“நாந்தான கலக்கி ஊத்துனேன்” என்பான் அவன், பேச்சே இல்லாத நேரத்தில்.

“அறுத்தது நானு” என்பாள் அவள்.

“ரெண்டு மாசம் கேட்டியே. நான் வாய மூடிட்டு இருந்திருந்தா...”

“களி ஆறுது. சாப்புடுங்க.”

மெட்டில்டா ஒரு தடவை வந்தாள், சங்கராந்தி முடிந்து. கையில் ஒரு பத்திரிகை. அவள் பட்டியல் அதில் அச்சாகியிருந்தது. நாற்பத்தொரு பெயர்கள், எட்டு வண்ணப் படங்கள். கடைசிப் பக்கத்தில் நன்றி என்று போட்டு குப்புசாமி, பஞ்சவர்ணம் என்று இரண்டு பெயர்கள். அவள் விரல் வைத்துக் காட்டினாள். குப்புசாமி ரோஸ்மில்க் படத்தை வெகு நேரம் பார்த்தான்.

“கீழ என்ன மேடம் எழுதிருக்குது?”

“எங்க எடுத்ததுன்னு போட்டிருக்கு அண்ணா. கேம்பஸ் குளம்.” விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினாள். “இப்ப இல்லைன்னு போட்டிருக்கு.”

பாட்டிலைப் பஞ்சவர்ணம் எடுத்து வந்து நீட்டினாள். மெட்டில்டா வாங்கிக்கொள்ளவில்லை. “உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா. கெஸ்ட் வேலை முடியுது. என் டேபிளும் அடுத்த மாசத்தோட இல்ல” என்றாள்.

பஞ்சவர்ணத்துக்கு மட்டும் வேலை மிச்சமிருந்தது. கிழக்குப் பக்கக் கட்டடங்களுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். நாலு மாதம் அந்த மேற்குக் கோடிக்குப் போகவில்லை. டிப்பர் லாரிகள் போகிற சத்தம் மட்டும் கேட்கும்.

சித்திரையில் முதல் மழை பெய்த மறுநாள் காலை சந்தோஷ்குமார் ஆள் அனுப்பினான். விடுதிக்குப் பூமி பூஜை. பதினொரு மணிக்குப் பெரியவர்கள் வருகிறார்கள். பெயர்க் கல்லைத் துடைக்க வேண்டும், அவளைத் தவிர யாரும் பளிச்சென்று துடைப்பதில்லை.

வாளியும் துணியுமாகப் போனாள். குளம் இருந்த இடத்தில் செம்மண் மேடு, அதன்மேல் ஷாமியானா. பம்பு ரூம் இல்லை. அவள் அறை எந்த இடம் என்று கண் தேடியது, குத்துமதிப்பாகக்கூடத் தெரியவில்லை. மேட்டின் நடுவில் செங்கல் மேடை கட்டி, கறுப்புக் கிரானைட் பலகை ஒன்றைச் சாய்வாகப் பதித்திருந்தார்கள். தங்க நிறத்தில் பெயர்கள். மீதிக் கல் முழுக்க வானம். குனிந்தால் அவள் முகம், அவள் யூனிஃபார்ம்.

தலைக்கு மேல் மழைத்தட்டான்கள் சுற்றிக்கொண்டிருந்தன. மழைக்கு வந்தவை. தண்ணீர் இருந்த இடத்துக்கு மேலேயே சுற்றுகிற மாதிரி அவளுக்குப் பட்டது. அதுவும் அவள் நினைப்பாக இருக்கலாம்.

ஒன்று இறங்கியது. பழுப்பு நிறம். கல்லுக்கு ஒரு சாண் மேலே நின்றது. வாலை வளைத்து டக்கென்று கல்லில் தட்டியது. மேலே போய், மறுபடி தாழ்ந்து, மறுபடி தட்டியது.

பஞ்சவர்ணம் குனிந்து பார்த்தாள். கல்லில் கடுகைவிடச் சிறிய புள்ளிகள், ஈரமாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.

“போ” என்றாள். துணியை வீசினாள். “போ ஆத்தா. இது தண்ணியில்ல.”

அது விலகியது, ஒரு வட்டம் அடித்தது, திரும்பி வந்து தட்டியது.

“பஞ்சவர்ணம்மா, ஏனு மாட்தா இத்தீரா, என்ன பண்றீங்க?” ஷாமியானாவிலிருந்து சந்தோஷ்குமார் கத்தினான். “பேக பேக, சீக்கிரம். வண்டி கேட்டுக்கு வந்தாய்த்து.”

பத்தடியில் லாரிச் சக்கரம் பதிந்த பள்ளத்தில் மழைத் தண்ணீர் நிற்பதை அவள் பார்த்தாள். நாலு நாளில் காய்ந்துவிடும். நாலு நாளாவது இருக்கட்டும். துணியை நனைத்துப் பிழிந்து, நுனியை மடித்து, ஒரு புள்ளிகூட நசுங்காமல் ஒற்றி எடுத்தாள். பூப் பறிக்கிற மாதிரி. பள்ளத்தை நோக்கி இரண்டு எட்டு வைத்தவள், துணியிலிருந்து வந்த வாசனையில் நின்றாள்.

ஃபினாயில். பெரியவர்கள் வருகிறார்களே என்று காலையில் அவளே வாளியில் இரண்டு மூடி அதிகம் கலந்திருந்தாள்.

துணியை விரித்துப் பார்த்தாள். பிறகு மடித்தாள். திரும்பி வந்து கல்லின் மிச்சத்தையும், மூலை முடுக்கு விடாமல், வழக்கம்போல அழுத்தித் துடைத்தாள். வேறு என்ன செய்ய?

துடைத்த கல் முன்னைவிடப் பளபளத்தது. தட்டான் திரும்பி வந்தது.